இமயத்தின் வளைவைப் படித்த ஆசிரியர் – வாடியா

எங்கள் ஊர் நெய்க்காரப்பட்டி. பழனியிலிருந்து உடுமலை போகும் பாதையில், சண்முகநதியைத் தாண்டி வந்தால் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. வெல்ல மண்டிகளால் பெயர் பெற்ற ஊர். ஊரின் எந்தத் தெருவில் நின்று தெற்கே நோக்கினாலும் பழனி மலைத்தொடர் சுவர் எழுப்பியதுபோல் நிற்கும். மழைக்காலத்தில் அதன் தலைமேல் மேகம் படியும். கோடையில் அதன் மடிப்பு மடிப்பான சரிவுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். பிறந்தது முதல் பார்த்து வருவதால், அதைப்பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணம்தான் என்னைத் தலைகுனிய வைத்தது.

எங்கள் துறைக் கருத்தரங்கில் மலைகள் உருவாகும் விதம் பற்றிப் பேச எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. மடிப்பு மலைகளுக்கு எடுத்துக்காட்டாக இமயம், ஆல்ப்ஸ், ஆண்டிஸ் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, உற்சாகத்தில் எங்கள் பழனி மலையையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டேன். அவையில் சிரிப்பு எழுந்தது. மேடையிலிருந்து இறங்குவதற்குள் என் காது மடல்கள் சூடேறிவிட்டன. விரிவுரையாளர் ஐயா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலை என்னை அழைத்து, சரிவில் தெரியும் மடிப்பு வேறு, பாறையில் இருக்கும் மடிப்பு வேறு என்று விளக்கினார். சரிவின் மடிப்புகள் ஓடைகள் அரித்தவை. பாறை மடிந்ததா இல்லையா என்பதைத் தூரத்தில் நின்று சொல்ல முடியாது, அருகில் சென்று பார்க்க வேண்டும் என்றார். பிறகு நூலகத்திலிருந்து அட்டை கிழிந்த ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, இதை எழுதியவரும் உன்னைப்போல ஒரு சிறிய ஊர்க் கல்லூரியின் வகுப்பறையிலிருந்து தொடங்கியவர்தான், அவர் எப்படிப் பார்த்தார் என்று படி என்றார்.

இந்திய நிலவியல் பற்றிய அந்தப் புத்தகத்தை எழுதியவர் தாராஷா நோஷெர்வான் வாடியா. அவருடைய வாழ்க்கையையும், அவர் வழியாக நான் கற்ற மலையின் கதையையும் என் உடன்பயிலும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இளமை

வாடியா 1883 ஆம் ஆண்டு அக்டோபர் 25 ஆம் நாள் குஜராத்தில் உள்ள சூரத் நகரில், பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருடைய முன்னோர் கிழக்கிந்தியக் கம்பெனி நாட்களில் கப்பல் கட்டுவதில் புகழ் பெற்றவர்கள். கடலை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர் கடலிலிருந்து எழுந்த மலையைத் தேடிப் போனார் என்பது வியப்பான பொருத்தமே.

சூரத்தில் தொடக்கக் கல்வி கற்ற அவர், 11 வயதில் பரோடாவுக்குச் சென்றார். அங்கே கல்விப் பணியில் இருந்த மூத்த அண்ணனின் செல்வாக்கு அவர்மீது ஆழமாகப் பதிந்தது. பரோடாக் கல்லூரியில் தாவரவியலும் விலங்கியலும் படித்து 1903 இல் பட்டம் பெற்றார். நிலவியலை அந்நாளில் விரும்பிப் படித்தவர் மிகக் குறைவு. கற்பித்த கல்லூரிகளும் குறைவு. இயற்கை வரலாறு கற்பித்த பேராசிரியர் மசானியின் தூண்டுதலாலும் தம் சொந்த ஆர்வத்தாலும் அவர் அத்துறைக்குள் நுழைந்தார். 1906 இல் உயிரியலையும் நிலவியலையும் பாடமாகக் கொண்டு எம்.ஏ. பட்டம் பெற்றார்.

படித்து முடித்ததும் அவர் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ செல்லவில்லை. 1907 இல், 23 வயதில், ஜம்முவில் இருந்த வேல்ஸ் இளவரசர் கல்லூரியில் நிலவியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அப்போது அது தொடங்கி அதிக நாள் ஆகாத கல்லூரி. பெரிய ஆய்வுக்கூடங்களுக்கும் அறிஞர் சங்கங்களுக்கும் வெகு தொலைவில் இருந்தது. வேறு ஒருவராக இருந்தால் இங்கே வந்து மாட்டிக்கொண்டோமே என்று மனம் சலித்திருப்பார். வாடியாவோ, வேறு எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லாத ஒன்று தம் கல்லூரி வாசலிலேயே இருப்பதைக் கண்டார். அதுதான் இமயமலையின் அடிவாரம்.

ஜம்முவில் 14 ஆண்டுகள்

ஜம்மு நகரம் தாவி ஆற்றங்கரையில், சிவாலிக் குன்றுகளின்மேல் அமைந்தது. சிவாலிக் என்பவை இமயத்தின் தெற்கு ஓரத்துக் குன்றுகள். இமயம் எழ எழ, அதிலிருந்து ஆறுகள் அடித்து வந்த மணலும் கூழாங்கல்லும் களிமண்ணும் படிந்து இறுகி உருவானவை அவை. பிறகு அவையும் நெருக்குண்டு மடிந்தன. அதாவது மலை தான் உதிர்த்த மண்ணையே மறுபடியும் மடித்து மலையாக்கிக்கொண்டது.

விடுமுறை நாட்களில் வாடியா சுத்தியலும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு இந்தக் குன்றுகளில் நடந்தார். மாணவர்களையும் அழைத்துச் சென்றார். பாறைகளையும் கனிமங்களையும் தொல்லுயிர் எச்சங்களையும் சேர்த்துக் கொண்டுவந்து வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தினார். ஜம்முக் குன்றுகளில் அவர் கண்டெடுத்தவற்றில் ஸ்டீகோடான் கணேசா என்னும் அழிந்துபோன யானை இனத்தின் நீண்ட தந்தம் பேர் பெற்றது.

பாடம் நடத்தும்போது அவருக்கு ஒரு குறை தெரிந்தது. இந்தியாவின் நிலவியலை மாணவர் படித்துப் புரிந்துகொள்ளத் தக்க ஒரு நூல் கையில் இல்லை. செய்திகளெல்லாம் அரசின் ஆய்வுத் தொகுதிகளில் சிதறிக் கிடந்தன. யாராவது எழுதுவார்கள் என்று காத்திராமல் அவரே எழுதினார். 1919 இல் அந்நூல் வெளிவந்தது. பல பதிப்புகள் கண்டு, தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் பாடநூலாக நின்றது. ஆய்வு நிறுவனம் எதிலும் இல்லாத ஒரு கல்லூரி ஆசிரியர், தம் மாணவரின் தேவைக்காக எழுதிய நூல் அது. இதைப் படித்தபோது எங்கள் நூலகத்தின் கிழிந்த அட்டைப் புத்தகத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை பிறந்தது.

பாறை எப்படி மடியும்?

வாடியா செய்த பெரிய காரியத்தைச் சொல்லுமுன், பாறை எப்படி மடியும் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கல் உடையும், மடியுமா என்று என் அப்பாரு கேட்டார். (எங்கள் பக்கத்தில் தந்தையின் தந்தையை அப்பாரு என்போம்.) அவருக்கு நான் சொன்ன விளக்கத்தையே இங்கும் சொல்கிறேன், எங்கள் ஊர்க் கரும்பாலையே அதற்குப் பள்ளிக்கூடம்.

கொப்பரையில் காய்ச்சிய பாகைத் தொட்டியில் ஊற்றியபின் சிறிது நேரம் கிளறாமல் விட்டால் மேலே ஏடு படியும். அந்தச் சமயம் ஓரத்திலிருந்து துடுப்பால் மெல்லத் தள்ளினால், ஏடு உடையாமல் சுருக்கம் சுருக்கமாக மடியும். மேலே எழும்பிய சுருக்கம் மேல்வளைவு. இரண்டு எழும்பல்களுக்கு இடையே உள்ள பள்ளம் கீழ்வளைவு. மெல்லிய ஏட்டில் சுருக்கங்கள் நெருக்கமாக விழும். தடித்த ஏட்டில் அகலமாக விழும். பாறை அடுக்குகளுக்கும் இதுவே விதி. கெட்டியான அடுக்கு மென்மையான அடுக்குகளுக்கு நடுவே அகப்பட்டு நெருக்கப்பட்டால், அதன் தடிமனுக்கு ஏற்ற அகலத்தில் மடிகிறது.

அதே பாகு ஆறி இறுகியபின் தள்ளிப் பார்த்தால் மடியாது. விரிசல் விட்டு, ஒரு துண்டு மற்றொரு துண்டின்மேல் ஏறும். பாறையும் அப்படியே. பூமியின் ஆழத்தில், வெப்பமும் அழுத்தமும் மிகுந்த இடத்தில், இலட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல நெருக்கப்படும் பாறை பாகுபோல் மடியும். மேற்பரப்புக்கு அருகே குளிர்ந்து கிடக்கும் பாறை உடைந்து ஏறும். இப்படிச் சாய்வான பிளவு ஒன்றின் வழியே ஒரு பக்கத்துப் பாறை மறுபக்கத்தின்மேல் ஏறுவதை ஆங்கிலத்தில் திரஸ்ட் என்பர். நான் இதனை மேலேறு பிளவு என்று எழுதுகிறேன். இதன் விளைவு விசித்திரமானது. ஆற்றுப் படிவில் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்பது பொது விதி. மேலேறு பிளவு உள்ள இடத்தில் பழைய பாறை புதிய பாறையின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். பாட்டன் பேரனின் தோளில் ஏறியதுபோல.

மடிப்பும் பிளவும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. மேலேறு பிளவு ஒரே சாய்வாகப் போவதில்லை. மென்மையான அடுக்கில் கிடையாக வழுக்கிச் செல்லும். கெட்டியான அடுக்கு வந்ததும் படியேறுவதுபோல் மேலே ஏறும். மீண்டும் கிடையாகச் செல்லும். திண்ணைப் படியின்மேல் ஒரு பாயை இழுத்தால், படியின் விளிம்பில் பாய் வளைகிறது அல்லவா? அதுபோல் பிளவின் படியில் ஏறும் பாறை அடுக்கும் வளைந்து மடிப்பாகிறது. ஆகவே மேலே தெரியும் மடிப்பைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்கும் பிளவின் வடிவை நிலவியலார் ஊகிக்கின்றனர்.

மடிப்பைச் சோதனை செய்து பார்த்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஜேம்ஸ் ஹால் துணிகளை அடுக்கி, மேலே பாரம் வைத்து, இரு பக்கமும் பலகையால் நெருக்கி, மலைப் பாறைகளில் கண்ட மடிப்புகளைத் துணியில் உண்டாக்கிக் காட்டினார். அதை அவர் 1815 இல் வெளியிட்டார்.

இன்னும் ஒரு காட்சி. அறுவடைக் களத்தில் பரப்பிய நெல்லைப் பலகையால் தள்ளிக் குவிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? பலகையை ஒட்டி உயரமாகவும், முன்னே செல்லச் செல்லத் தாழ்வாகவும் ஆப்பு வடிவில் நெல் குவியும். தொடர்ந்து தள்ளினால் குவியல் உயரும். ஒரு சாய்வுக்கு மேல் உயராது. அந்தச் சாய்வு வந்ததும் முழுக் குவியலும் களத்தின்மேல் வழுக்கி முன்னேறும். முன்னால் புதிய நெல் கிளம்பிச் சேரும். சாணம் மெழுகிய வழவழப்பான களமானால் குவியல் தாழ்ந்து அகன்றிருக்கும். சொரசொரப்பான தரையானால் செங்குத்தாக நிற்கும். மலைத்தொடரின் ஓரமும் இப்படிப்பட்ட ஆப்புதான் என்று 1980களில் கணக்குப் போட்டுக் காட்டினர். பஞ்சாபின் உப்பு மலைத்தொடர்ப் பகுதியில் அடியில் வழுக்கலான உப்புப் படுகை இருப்பதால், அங்கே ஆப்பு தாழ்ந்து அகன்று கிடக்கிறது. இமயத்தின் பெரிய மேலேறு பிளவுகளும் வடக்கே பழையவையாகவும், தெற்கே வர வரப் புதியவையாகவும் இருக்கின்றன. தள்ளும் பலகைக்கு அருகே முதலில், தொலைவில் பின்னர். ஆழத்தில் இவையெல்லாம் ஒரே பெரிய வழுக்குத் தளத்தில் போய்ச் சேருகின்றன.

ஆய்வுத் துறையில்

1921 இல் வாடியா இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பெரும்பாலும் ஆங்கிலேயர் நிறைந்த அத்துறையில், வெளிநாட்டுப் பட்டம் எதுவும் இல்லாமல் நுழைந்தார். மற்றவர்கள் பதவி உயர்வை எண்ணும் வயதில் அவர் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறத் தொடங்கினார். அவருக்குக் கொடுக்கப்பட்ட பகுதி காஷ்மீரும் பூஞ்சும் அவற்றை அடுத்த வடமேற்கு மலைகளும். 1926-27 இல் ஐரோப்பா சென்றபோது, மடிப்புகளுக்கும் மேலேறு பிளவுகளுக்கும் பேர்போன ஆல்ப்ஸ் மலையையும் நேரில் கண்டார். பூஞ்சுப் பகுதி பற்றிய அவருடைய ஆய்வு 1928 இல் வெளிவந்தது.

இங்கேதான் அவர் வாழ்வின் தலையாய கேள்வி அவர்முன் நின்றது. இமயம் கிழக்கிலிருந்து வடமேற்காக வில்போல் வளைந்து வருகிறது. காஷ்மீரைத் தாண்டியதும் மலைகளின் போக்கு சட்டென்று மாறித் தெற்கே திரும்புகிறது. இது ஏன்? இங்கே இரண்டு தனித்தனி மலைத்தொடர்கள் வந்து சந்திக்கின்றன என்பது ஆஸ்திரிய அறிஞர் சூயஸ் போன்ற பெரியோர்களின் கருத்து. கிழக்கே இமயம், மேற்கே இரானிலிருந்து வரும் தொடர், இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் இது என்று உலகம் எண்ணியிருந்தது.

நம் பழனி–கொடைக்கானல் பாதையில் கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்திருக்கிறீர்கள். கீழே நின்று பார்த்தால் மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை என்று இரண்டாகத் தோன்றும். இரண்டும் ஒன்றுதான் என்பதை அறிய ஒரே வழி, சாலையோடு நடந்து வளைவைச் சுற்றி வருவதுதான். வாடியா அதைத்தான் செய்தார். சாலைக்குப் பதிலாகப் பாறையைத் தொடர்ந்து நடந்தார்.

காஷ்மீர்ப் பக்கத்தில் பாறைகள் பட்டை பட்டையாக ஒரு வரிசையில் கிடந்தன. வெளிப்புறத்தில் முர்ரி என்னும் இளைய செந்நிற மணற்பாறைகள். அவற்றின்மேல் ஒரு மேலேறு பிளவு. அதற்கு அப்பால் குறுகலான ஒரு பட்டை. பிறகு இன்னொரு மேலேறு பிளவு. அதற்கும் அப்பால் மிகப் பழைய பலகைப் பாறைகள். முதலாவதற்கு முர்ரி மேலேறு பிளவு என்றும் இரண்டாவதற்குப் பஞ்சால் மேலேறு பிளவு என்றும் பெயர். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு முசாபராபாத் அருகே ஜீலம் ஆற்றுப் பகுதியில் உள்ள வளைவைச் சுற்றி மேற்கே ஹசாராப் பக்கம் சென்றார். அங்கேயும் அதே பாறைகள், அதே வரிசை, அதே இரண்டு பிளவுகள். திசை மட்டும் திரும்பியிருந்தது. முட்டிக்கொண்ட இரண்டு தொடர்கள் அல்ல, வளைந்து திரும்பிய ஒரே தொடர் என்று அவர் நிறுவினார். 1931 இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

ஏன் வளைந்தது என்பதற்கும் விடை சொன்னார். தென்னிந்தியா வரை பரந்து கிடக்கும் பழம்பாறைக் கேடயத்தின் ஒரு முனை, நாக்கு நீட்டியதுபோல் அந்த இடத்தில் வடக்கே துருத்திக்கொண்டு, இளைய பாறைகளுக்குக் கீழே மறைந்து கிடக்கிறது. வாய்க்கால் நடுவே நட்ட கல்லைச் சுற்றி நீர் வளைவதுபோல், எழும்பி வந்த மடிப்புகள் அந்த அசையாத முனையைச் சுற்றி வளைந்தன. கண்ணால் காண முடியாத அந்த முனையை, துளையிட்டுப் பார்க்கவும் வழியில்லாத காலத்தில், மேலே கிடந்த மடிப்புகளின் போக்கைக் கொண்டே அவர் கண்டறிந்தார். என் தவற்றை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியை மூன்று முறை படித்தேன். நான் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவு சொன்னேன். அவரோ கால் தேய நடந்துவிட்டு முடிவு சொன்னார்.

தொடர்ந்து 8,126 மீட்டர் உயரமுள்ள நங்கபர்வதச் சுற்றுப்புறத்தையும் ஆராய்ந்து 1932 இல் வெளியிட்டார். இமய ஆய்வுக்காக 1934 இல் இலண்டன் அரச புவியியல் சங்கம் அவருக்குப் பரிசளித்தது.

இலங்கையும் பின்னாளும்

1938 இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் இலங்கை அரசின் கனிமவியல் அறிஞராகச் சென்று 1944 வரை பணியாற்றினார். அங்கே அவர் கண்டது இமயத்துக்கு நேர்மாறான நிலம். இலங்கையின் மலைகள் புதிதாக மடிந்தவை அல்ல. கடலோரச் சமவெளி, நடுநாட்டு மேடு, மத்திய மலைநாடு என்று மூன்று படிகளாக அந்தத் தீவு அமைந்திருப்பதையும், பழைய பாறைப் பாளங்கள் பிளவுகளின் வழியே அப்படியே உயர்ந்ததால் அப்படிகள் உண்டாயின என்பதையும் அவர் எடுத்துரைத்தார். இலங்கைப் பாறைகளும் நம் தமிழ்நாட்டு மலைப் பாறைகளும் உறவுக்காரர்கள் என்பதால், இந்தப் பகுதி எனக்கு வீட்டுக்கு அருகே வந்ததுபோல் இருந்தது. மலை என்றால் மடிப்பு என்று ஒரே சூத்திரத்தை வைத்துக்கொண்டு எல்லா மலையையும் அளக்கலாகாது என்பதை, மடிப்பு மலையின் மேதையே காட்டிவிட்டார்.

1943 இல் இலண்டன் நிலவியல் சங்கம் லயல் பதக்கம் வழங்கியது. அந்த ஆண்டு இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு சிறையில் இருந்ததால், முந்தைய ஆண்டின் தலைவரான வாடியாவே அந்த மாநாட்டுக்கும் தலைமை தாங்கினார். விடுதலைக்குப்பின் சுரங்கத் துறையிலும், 1949 முதல் அணுசக்திக்கான மூலக் கனிமங்களைத் தேடும் பணியிலும் நாட்டுக்குத் தொண்டாற்றினார். 1957 இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அப்பெருமை பெற்ற முதல் இந்திய நிலவியலார் அவரே. 1958 இல் பத்ம பூஷண் விருதும், 1963 இல் தேசியப் பேராசிரியர் பதவியும் வந்தன. 1964 இல் புதுதில்லியில் கூடிய 22ஆவது உலக நிலவியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். ஆசியாவில் அம்மாநாடு கூடியது அதுவே முதல் முறை.

இமயத்துக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. 1968 இல், 84 வயதில், அது தில்லியில் சிறு அளவில் தொடங்கக் கண்டார். ஓராண்டுக்குள், 1969 ஜூன் 15 ஆம் நாள் மறைந்தார். 1976 இல் டேராடூனுக்கு மாற்றப்பட்ட அந்த நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1984 இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டது.

அவர் விட்டுச் சென்ற வரைபடம்

வாடியா மறைந்த காலத்தில்தான், கண்டங்கள் தட்டுகளாக நகர்கின்றன என்ற கொள்கை உருப்பெற்று வந்தது. இமயத்தை நெருக்கிய கை எது என்பதற்கு அது விடை தந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்குமுன் இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதியது. இன்றும் ஆண்டுக்கு 4 முதல் 5 சென்டிமீட்டர் வரை வடக்கே நகர்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகம்தான். அதில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டரை இமயமே நெருங்கிச் சுருங்கித் தாங்குகிறது. கொள்கை புதிதாக வந்தாலும், வாடியா வரைந்த பாறை வரிசையும் வளைவும் அப்படியே நின்றன. நேரில் பார்த்து எழுதியது கொள்கை மாறினாலும் அழிவதில்லை.

இது புத்தகத்தோடு முடிகிற செய்தி அன்று. களத்து நெல் தொடர்ந்து வழுக்குவதில்லை. சற்று நேரம் பிடித்து நின்று, பிறகு சட்டென்று நகரும். மேலேறு பிளவும் அப்படித்தான். அது பிடித்து நிற்கும் காலம் மனிதனுக்கு அமைதி. நகரும் நொடி நிலநடுக்கம். 2005 அக்டோபர் 8 ஆம் நாள் காலை, வாடியா நடந்து வரைந்த அதே வளைவின் ஓரத்தில், முசாபராபாத், பாலாகோட் பகுதியில் மேலேறு பிளவு ஒன்று நகர்ந்தது. அளவு 7.6. 70,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பள்ளிக்கூடங்கள் இடிந்ததால் மாண்ட குழந்தைகள் ஆயிரக்கணக்கில். ஒரு மலை எப்படி மடிந்தது என்று கேட்பது பொழுதுபோக்கு அல்ல. எந்த ஊரில் எவ்வளவு உறுதியாகச் சுவர் எழுப்ப வேண்டும் என்பதற்கு விடை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மீண்டும் என் ஊர்

புத்தகத்தைப் படித்து முடித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலையடிவாரத்து ஓடை ஒன்றுக்குப் போனேன். ஆண்டுதோறும் குளித்த ஓடைதான். தண்ணீர் வற்றிய படுகையில் வழுவழுப்பான பெரிய பாறை ஒன்று கிடந்தது. கருஞ்சாம்பல் நிறக் கல்லில் வெண்மையான பட்டைகள். குனிந்து பார்த்தேன். அந்தப் பட்டைகள் நேராக ஓடவில்லை. கையளவு அகலத்தில் மேலும் கீழுமாக, மேல்வளைவும் கீழ்வளைவுமாக, பாகின் ஏடு சுருங்கியதுபோல் மடிந்து கிடந்தன.

மறுநாள் விரிவுரையாளர் ஐயாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மகிழ்ந்தார்; ஆனால் என்னை மீண்டும் மேடையேற விடாமல் நிதானப்படுத்தினார். பழனி மலையின் இன்றைய உயரத்துக்கு அந்த மடிப்பு காரணம் அல்ல. பழம்பாறை நிலம் உயர்ந்ததும், சுற்றிலும் அரிப்பு நடந்ததுமே காரணம். ஆனால் அந்தச் சார்னோக்கைட்டும் பட்டைக் கல்லும் பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்தில் வெந்து மடிந்தவை. 55 கோடி ஆண்டுகளுக்குமுன் கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, நம் பகுதியின் வழியே நிலத்துண்டுகள் மோதி இணைந்தன என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அன்று இங்கே உயர்ந்து நின்ற மலைகள் கரைந்து போய்விட்டன. அவற்றின் வேர்தான் நம் காலடியில் கிடக்கிறது. இமயம் பல கோடி ஆண்டுகள் தேய்ந்தபின் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவன் நெய்க்காரப்பட்டிக்கு வரலாம் என்று அவர் சொன்னபோது, எனக்குப் பேச்சு எழவில்லை.

நான் கருத்தரங்கில் சொன்னது தவறுதான். அதைத் திருத்திக்கொண்டேன். ஆனால் அந்தத் தவறு இல்லாவிட்டால் வாடியாவை அறிந்திருக்க மாட்டேன். குளித்த ஓடையில் குனிந்து பார்த்திருக்கவும் மாட்டேன்.

நண்பர்களே, நம்மில் பலர் பெரிய நகரத்தின் பெரிய கல்லூரி கிடைக்கவில்லையே என்று ஏங்குகிறோம். நானும் அப்படி ஏங்கியவன்தான். வாடியாவுக்குக் கிடைத்தது ஒரு சிறிய கல்லூரியும், அதன் வாசலில் ஒரு மலையும். அவர் மலையைப் பிடித்துக்கொண்டார். நம் கல்லூரி வாசலிலிருந்தும் ஒரு மலை தெரிகிறது. அதை நாம் இனியேனும் அருகில் சென்று பார்ப்போமாக.